160 நியூட்டன் ஜெட்டில் 220 நியூட்டன் டர்பைன்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தவை

இரண்டு மீட்டர் இறக்கை, எரிபொருள் இல்லாமல் 12 கிலோ எடை. ரேடியோவில் இயக்கும் இந்த அளவு ஃபைபர் ஸ்போர்ட் ஜெட் மாதிரி விமானத்துக்குப் பொதுவாக 140 முதல் 160 நியூட்டன் உந்துவிசை தரும் டர்பைன் இன்ஜின் போதும். அதில் ஜெட்கேட் பி220 போன்ற 220 நியூட்டன் வகையைப் பூட்டினால் செங்குத்தாக ஏறுவதே தனி அழகு. ஆனால் இன்ஜினைப் பொருத்துவது அரை நாள் வேலைதான்; விமானத்தை அதற்கு ஏற்றபடி தயார் செய்யத்தான் வாரங்கள் பிடிக்கும்.

முதலில் காற்று. இந்த வகை டர்பைன் முழு த்ராட்டிலில் வினாடிக்கு ஏறக்குறைய 0.45 கிலோ காற்றை இழுக்கும். காற்று நுழையும் முன் வாய்கள் இரண்டும் சேர்ந்து 80 சதுர சென்டிமீட்டர்தான் என்றால், அந்தக் காற்று வினாடிக்கு 47 மீட்டர் வேகத்தில் நுழைய வேண்டும். 120 சதுர சென்டிமீட்டர் கிடைத்தால் 31 மீட்டர் போதும். வாய் சிறிதாக இருப்பது தரையில் நிற்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்: மேல் மூடி உள்பக்கமாகக் குழியும். மூடியைக் கழற்றி ஒருமுறை, மூடி ஒருமுறை, ஒரே த்ராட்டிலில் ஓட்டி வெளியேறும் வாயுவின் வெப்பநிலையைப் பாருங்கள். மூடியபின் 30 டிகிரிக்கு மேல் ஏறினால் காற்று போதவில்லை. உடலின் அடிப்பக்கத்தில் கூடுதல் திறப்பு வெட்டியே ஆக வேண்டும். புகைக்குழாயும் பழையது உதவாது. இந்த அளவுக்கு ஏற்ற விட்டத்தில் இரட்டைச் சுவர்க் குழாய் வாங்குங்கள். குழாயின் மணிவாய்க்கும் இன்ஜின் முனைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத் தயாரிப்பாளர் சொன்னபடியே வையுங்கள்.

அதிகம் பேரை மடக்குவது எரிபொருள்தான். முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 700 மில்லிக்கு மேல் குடிக்கும். 160 நியூட்டனுக்குச் சரியாக இருந்த 4 மில்லிமீட்டர் குழாயில் பம்ப் இவ்வளவு இழுக்கும்போது உறிஞ்சும் பக்கம் அழுத்தம் விழுந்து குமிழி பிறக்கும். குமிழி இன்ஜினுக்குப் போனால் நடுவானில் அணைந்துவிடும். பிரதான டாங்கிலிருந்து, பம்புக்கு முன்னால் குமிழிகளைப் பிடித்துவைக்கும் சிறிய குமிழிப் பொறி டாங்க் வரை 6 மில்லிமீட்டர் குழாய் போடுங்கள். காற்றோட்டக் குழாயும் அதே அளவு. அது சிறிதானால் டாங்க் நசுங்கும். 3.5 லிட்டர் டாங்க் முழு த்ராட்டிலில் ஐந்து நிமிடம்கூட வராது. எனவே இறங்கும்போது ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுமாறு டைமரை வையுங்கள். பேரிங்குக்கு எண்ணெய் தருவதும் இதே எரிபொருள்தான். அதில் கலக்கும் 5 சதவீத டர்பைன் எண்ணெயில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எடை. புதிய இன்ஜின் 350 கிராம் கூடுதல், ஈர்ப்பு மையத்துக்கு 35 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் ஈயம் ஒட்டுவது சோம்பேறித்தனம். மொத்தம் 400 கிராம் பேட்டரிகளை 30 சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளினாலே கணக்கு நேராகிவிடும்.

வேகம் உந்துவிசையின் வர்க்கமூலத்தில்தான் ஏறும். 160-இல் மணிக்கு 300 கிலோமீட்டர் தொட்ட விமானம் 220-இல் சுமார் 350-ஐத் தொடும். அமெரிக்க மாதிரி விமானச் சங்கமான ஏ.எம்.ஏ. டர்பைன் விமானங்களுக்கு வைத்திருக்கும் வரம்பே மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர். விமானத்தைத் திருப்பும் இறக்கை ஓரத்தட்டுகளின் மேல் விழும் விசையும் 37 சதவீதம் கூடும். அவற்றை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் கையிலோ கீலிலோ விரலால் உணரக்கூடிய ஆட்டம் சிறிது இருந்தாலும் அந்த வேகத்தில் தட்டு நடுங்கத் தொடங்கி, கண் சிமிட்டும் நேரத்தில் பிய்ந்துவிடும். ஆட்டம் துளியும் இல்லாதபடி சரிசெய்த பிறகே பறக்கவிடுங்கள்.

யாரும் முன்கூட்டி யோசிக்காதது ஐடில், அதாவது த்ராட்டிலை முழுதாகக் குறைத்தும் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை. இந்த வகை ஐடிலிலேயே சுமார் 9 நியூட்டன் தள்ளும். ஃப்ளாப், சக்கரம் எல்லாம் இறக்கிய நிலையில் 12 கிலோ விமானத்தின் இழுவையே 20 நியூட்டன் சுமார்தான். ஐடில் அதில் பாதியைத் தின்றுவிடுவதால் விமானம் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை முடிந்துவிடும். ஐடில் சுழற்சியைத் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே குறைக்காதீர்கள், இன்ஜின் அணையும். ஃப்ளாப்பை இன்னும் இறக்குங்கள், ஏர்பிரேக் இருந்தால் முழுதாகத் திறந்து, இன்ஜினை ஐடிலுக்குச் சற்று மேலேயே வைத்து இறங்க வாருங்கள். ஐடிலிலிருந்து முழு உந்துவிசை வர மூன்று நான்கு வினாடி ஆகும். சற்று மேலே இருந்தால் திரும்ப ஏறுவதும் சுலபம். சக்கர பிரேக் வளையங்கள் சீக்கிரம் தேயும், சில பறப்புகளுக்கு ஒருமுறை பாருங்கள்.

இத்தனையும் செய்ய முடியாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யு.-வில் உச்சச் சுழற்சியை நிமிடத்துக்கு 1,17,000-இலிருந்து 1,05,000-ஆகக் குறைக்கலாம். உந்துவிசை 170 நியூட்டன் அருகே வந்துவிடும். எரிபொருளும் அதற்கேற்பக் குறையும். கூடுதல் எடையும் ஐடில் தள்ளுதலும் அப்படியேதான் இருக்கும். அந்த விமானத்துக்கு 160 நியூட்டன் வகையையே வாங்குவது உத்தமம்.