உங்கள் விசா ஃபைலில் இருப்பது யாருடைய மெயில் ஐ.டி.?

என் தங்கை கனடாவுக்கு விண்ணப்பிக்க ஐந்தாண்டு தடை விழுந்திருக்கிறது. காரணம், அவள் கொடுக்கவே கொடுக்காத ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட். அதைப் பற்றி விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஸ்டடி பெர்மிட்டுக்காக ஏஜென்ட் கையில் ஃபைலைக் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

கன்சல்டன்சி பெயரை இங்கே எழுதவில்லை. வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். பெயர் தெரிந்தாலும், நாளைக்கு அந்த போர்டைக் கழற்றிவிட்டு வேறு போர்டு மாட்டுவார்கள்.

முதலில் எல்லாமே இலவசம் என்றார்கள். "காலேஜ்காரங்களே எங்களுக்குக் கொடுத்துடுவாங்க சார்" என்றார் கவுன்சிலர். அது பொய்யில்லை. சேர்க்கும் மாணவருக்கு இவ்வளவு என்று பல கல்லூரிகள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அதனால்தான் நாம் கேட்கும் கல்லூரியை விட்டுவிட்டு அவர்கள் சொல்லும் கல்லூரிக்கே இழுக்கிறார்கள். தங்கைக்கு அவர்கள் காட்டிய தனியார் கல்லூரிக்கு டி.எல்.ஐ. நம்பர் இருந்தது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். படித்து முடித்தபின் வேலை செய்ய பெர்மிட் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கனடா குடியேற்றத் துறையின் தளத்தில் உள்ள அதே கல்லூரிப் பட்டியலில் அதற்கென்று தனி நெடுவரிசை உண்டு. அங்கே பார்த்தால் 'இல்லை' என்று இருந்தது. சண்டை போட்டு ஒரு அரசுக் கல்லூரிக்கு மாற்றினோம். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தோம்.

ஃபைல் போடும் நேரத்தில் இலவசம் போய் 'டாக்குமென்டேஷன் சார்ஜ்' வந்தது. சரி, கட்டியாகிவிட்டது. ஆனால் விண்ணப்பத்தில் தங்கையின் மெயில் ஐ.டி. இல்லை. அவள் பெயரோடு ஏதோ எண்ணைச் சேர்த்து அவர்களே ஒரு ஐ.டி. உருவாக்கியிருந்தார்கள். "எல்லா கேண்டிடேட்டுக்கும் நாங்கதான் ஓபன் பண்ணுவோம் மேடம், ட்ராக் பண்ண வசதி" என்றார்கள். பாஸ்வேர்டைக் கேட்டாள். "நீங்க உள்ளே போனா ஃபைல் லாக் ஆயிடும்." இப்படி ஒரு லாக் உலகத்தில் எந்த சிஸ்டத்திலும் இல்லை.

கைரேகையும் போட்டோவும் கொடுக்க வரச்சொல்லும் பயோமெட்ரிக் கடிதத்தை மட்டும் ஒழுங்காக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அப்புறம் நீண்ட மௌனம். கடைசியில் ரிஜெக்ட். நிராகரிப்புக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, "ஆபீசர் மூடு சரியில்ல சார், அடுத்த இன்டேக்ல போட்டுடலாம்" என்று புது சார்ஜ் கேட்டார்கள்.

கனடாவில் இருக்கும் உறவினர் மூலம் அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்கினோம். ஸ்டேட்மென்ட்டை அதிகாரி வங்கிக்கே அனுப்பிச் சரிபார்த்திருக்கிறார். இது நாங்கள் கொடுத்ததல்ல என்று வங்கி பதில் சொல்லியிருக்கிறது. உடனே தடை போட்டுவிடவில்லை. சந்தேகம் இன்னது, உங்கள் பதில் என்ன என்று கேட்டு முறைப்படி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். தவறான தகவல் தந்ததாக முடிவெடுக்கும் முன் நம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தருவது அங்கே வழக்கம். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது ஏஜென்ட் உருவாக்கிய ஐ.டி.க்கு. பதில் போகவில்லை. கெடு முடிந்தது, தடை வந்தது.

போலீசில் புகார் கொடுப்போம் என்ற பிறகுதான் பாஸ்வேர்டு வந்தது. உள்ளே போய் அந்த ஸ்டேட்மென்ட்டைத் திறந்தேன். கிளையில் நேரில் பணம் கட்டியதாகப் பெரிய தொகை ஒன்று பதிவாகியிருந்தது. தேதியைக் காலண்டரில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை! அந்த வரியின் எழுத்து மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுதித் தரும் எஸ்.ஓ.பி. இன்னும் மோசம். அக்கவுன்ட்ஸ் படித்தவளுக்கு, சிறு வயதிலிருந்தே நர்சிங் மீது தீராத ஆர்வமாம்.

இத்தனைக்கும் எங்களிடம் அசல் கணக்கும் கல்விக் கடன் அனுமதிக் கடிதமும் இருந்தன. இரண்டையும் அவர்களிடம் கொடுத்திருந்தோம். ஏன் மாற்றினார்கள்? தனி மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 2024 ஜனவரியில் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 ஆக உயர்த்தினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து கியூபெக் மாகாணத்துக்கு வெளியே 22,895. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். தொகை ஏற ஏற, உண்மையான பேப்பரை ஒழுங்காக அடுக்குவதைவிடக் கணினியில் ஒரு பூஜ்யம் சேர்ப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது என்பது என் கணிப்பு. 2023இல் போலி ஆஃபர் லெட்டர் விவகாரத்தில் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்குப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் குடியேற்றத் துறை கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்கிறது. அந்த வழி அடைபட்டதும் கைவரிசை பேங்க் பேப்பர் பக்கம் திரும்பிவிட்டது போலிருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். பிரதிநிதியை நியமிக்கும் ஐ.எம்.எம். 5476 படிவம் ஃபைலில் இல்லவே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்ல வேண்டுமானால் அங்கே உரிமம் பெற்ற வக்கீலாகவோ பதிவுபெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர் பெயரை அவர்களின் பொதுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். இவர்கள் அதில் இல்லை. அதனால் தங்கையே வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பித்த மாதிரி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கத்தின் கண்ணில் ஏஜென்ட் என்று ஓர் ஆளே கிடையாது. கையெழுத்து அவளுடையது, பழியும் அவளுக்கே.

கனடா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் பிரிட்டனில் தடை பத்தாண்டு வரை போகும், ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு மூன்றாண்டு.

கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவை எதிர்த்து அந்நாட்டு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக, முடிவு நமக்குத் தெரியவந்ததிலிருந்து 60 நாள் அவகாசம். எங்கள் வக்கீல் அந்த வேலையில்தான் இருக்கிறார். வங்கியிடமிருந்து அசல் கணக்கை முத்திரையோடு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் ஃபைல் இப்போது யாரிடமாவது இருந்தால், அனுப்பிய விண்ணப்பத்தின் முழு பி.டி.எஃப்., இணைத்த ஒவ்வொரு ஆவணம், மெயில் பாஸ்வேர்டு மூன்றையும் இன்றே கேளுங்கள். 'லாக்', 'சர்வர்' என்று இழுத்தால் காத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட் விவரத்தோடும் விண்ணப்ப எண்ணோடும் குடியேற்றத் துறையின் வெப் ஃபார்ம் வழியாக நீங்களே எழுதி, தொடர்பு மெயிலை உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். பிரதிநிதி யாராவது பதிவாகியிருந்தால் அதே 5476 படிவத்தில் நீக்கவும் முடியும். விண்ணப்ப எண்ணையே தர மறுக்கிறார்களா? பயோமெட்ரிக் கடிதத்தில் அது அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.