இக்கிஸா, ஹாப்கின்ஸா? ரூஸ்வெல்ட்டின் இரண்டு வேலைத் திட்டங்கள்

கல்லூரியில் பொருளாதார வரலாறு நடத்துகிறேன். 1930களின் பெருமந்தத்துக்கு எங்கள் பாடத்தில் கிடைப்பது ஒரே ஒரு வாரம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மந்தத்தைச் சமாளிக்கக் கொண்டுவந்த நியூ டீல் திட்டங்கள் அத்தனையையும் அதற்குள் அடைத்தால் மாணவர்கள் மனதில் வெறும் எழுத்துச் சுருக்கங்கள்தான் தங்கும். அதனால் ஒன்றை மட்டும் எடுத்து விரிவாக நடத்துவது என்று முடிவு செய்தேன். முதல் சில ஆண்டுகள் நான் எடுத்தது, உள்துறை அமைச்சர் ஹரால்ட் இக்கிஸின் பொதுப்பணி நிர்வாகம். இப்போது அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஹாரி ஹாப்கின்ஸின் வேலைத் திட்டங்களை நடத்துகிறேன்.

பின்னணி தெரிந்ததுதான். 1933 மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. தலைக்கணக்கில் சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர். அரசே பணம் போட்டு வேலை உண்டாக்க வேண்டும் என்பதில் இக்கிஸுக்கும் ஹாப்கின்ஸுக்கும் வேறுபாடு கிடையாது. எந்த வேலை, யார் மூலம், எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை.

1933 ஜூன் மாதச் சட்டம் இக்கிஸிடம் 330 கோடி டாலரை ஒப்படைத்தது. அதில் எழுந்தவற்றைப் பார்த்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கும்: வாஷிங்டன் மாநிலத்தின் கிராண்ட் கூலி அணை, நியூயார்க்கின் ட்ரைபரோ பாலம், லிங்கன் சுரங்கப்பாதை, கடல்மேல் தாவித் தாவி ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் தீவு வரை போகும் நெடுஞ்சாலை. மொத்தம் 34,000க்கும் மேற்பட்ட பணிகள். நேர்மையில் அவரைக் குறை சொல்ல இடமே இல்லை. பொதுப் பணத்தில் ஒரு டாலர் கூட எவர் பைக்கும் போய்விடக் கூடாது என்று ஒப்பந்தங்களைத் தானே துருவித் துருவிப் பார்ப்பார். வகுப்பில் அந்த அணையின் படத்தைக் காட்டினால் பாடம் பாதி முடிந்த மாதிரி. அதனால்தான் நானும் அத்தனை ஆண்டுகள் அதை விடவில்லை.

மனம் மாறியது ஒரு சின்ன விஷயத்தால். கரும்பலகையில் தேதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். பணம் ஒதுக்கிய நாள், பணி தொடங்கிய நாள், முடிந்த நாள். இவற்றுக்கு நடுவே இன்னொரு நாள் இருக்க வேண்டுமே என்று தோன்றியது: வேலையில்லாத ஒருவர் கையில் முதல் கூலி விழுந்த நாள். அந்த நாளை வைத்து இரண்டு திட்டங்களையும் அளந்து பார்த்த பிறகு பழையபடி பாடம் நடத்த முடியவில்லை.

இக்கிஸின் வழியில் பணம் எப்படிப் போகும் என்று பாருங்கள். ஓர் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊர் நிர்வாகம் வரைபடம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். பொறியாளர், வழக்கறிஞர், கணக்கர் என்று ஒவ்வொருவரும் அதைச் சரிபார்ப்பார்கள். கூலிக்கும் பொருளுக்கும் ஆகும் செலவில் 30 சதவீதம்தான் மானியம் (1935இல் அது 45 ஆனது). மீதியை ஊர் கடனாக வாங்கவோ வேறு வழியில் புரட்டவோ வேண்டும். வரி வசூல் படுத்துப்போன ஊர்கள் அதற்கே மாதக்கணக்கில் அலைந்தன. அப்புறம் டெண்டர், பிறகு தனியார் ஒப்பந்ததாரர். அவர் தனக்குத் தோதான ஆட்களைத்தான் எடுப்பார். நிவாரண வரிசையில் நிற்பவரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. இத்தனையும் தாண்டி வரும் பணத்திலும் பெரும்பங்கு எஃகுக்கும் சிமெண்டுக்கும் போய்விடும். எஃகு ஆலையிலும் தொழிலாளிதானே இருக்கிறார் என்று கேட்கலாம். சரிதான், அந்தப் பணம் சுற்றி வந்து வேறொரு வீட்டில் அடுப்பெரிக்கும். ஆனால் சுற்றி வர நாளாகும். 1933இன் குளிர்காலம் அதற்குள் வந்துவிட்டது.

ஹாப்கின்ஸின் வேகம் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. 1933 மே மாதம் நிவாரண நிர்வாகத்தின் பொறுப்பை ஏற்றவர், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 50 லட்சம் டாலரை மாநிலங்களுக்கு ஒதுக்கினார். ஆனால் அது நிவாரணம், வேலை இல்லை. அதிகாரி வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்து, இவர்கள் உண்மையிலேயே ஏழைகள்தானா என்று உறுதி செய்த பிறகு மளிகைச் சீட்டு கொடுப்பார். நேற்று வரை உழைத்துச் சம்பாதித்தவருக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பது ஹாப்கின்ஸுக்குப் புரிந்திருந்தது. அவர் சமூகப் பணியிலிருந்து வந்தவர்.

அதனால் நவம்பரில் ரூஸ்வெல்ட்டிடம் போய், 40 லட்சம் பேருக்கு உடனே வேலை கொடுக்க அனுமதி கேட்டார். 9ஆம் தேதி சிவில் வேலை நிர்வாகம் உருவானது. அதற்கான 40 கோடி டாலர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இக்கிஸ் இன்னும் செலவழிக்காமல் வைத்திருந்த பணத்திலிருந்து. பாதிப் பேரை நிவாரணப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், மீதிப் பாதியை ஏழ்மைச் சோதனை எதுவும் இல்லாமல், வேலையில்லை என்ற ஒரே தகுதியில். நடுவில் ஒப்பந்ததாரர் கிடையாது, அரசே நேரடி முதலாளி. இத்தனை பேருக்குச் சம்பளக் காசோலை போடப் புதிதாக ஓர் அலுவலகம் கட்டிக்கொண்டிருக்காமல், முன்னாள் படைவீரர்களுக்குப் பணம் அனுப்பிப் பழகியிருந்த அமைப்பையே பயன்படுத்திக்கொண்டார்கள். நவம்பர் 23 அன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு முதல் சம்பளம் போனது. பதினான்கே நாள்! ஜனவரி நடுவில் 42 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள்.

இந்தப் பதினான்கு நாளைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பின்னாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசியவர்களிடம், மனிதர்கள் பின்னாளிலா சாப்பிடுகிறார்கள், தினமும் அல்லவா சாப்பிடுகிறார்கள் என்று ஹாப்கின்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். மந்த காலத்தில் கடைக்காரர், வீட்டுக்காரர், பால்காரர் எல்லோருமே கடன் கொடுத்து ஓய்ந்திருப்பார்கள். கூலி வாங்கியவர் அன்றே பழைய கடனை அடைப்பார், பிள்ளைக்குச் செருப்பு வாங்குவார். எஃகு வழியாக வரும் பணம் என்றைக்கோ வந்து சேரும் இடத்துக்கு இந்தப் பணம் முதல் வாரமே போய்விடுகிறது.

அவசரத்தில் செய்த வேலை உருப்படியாக இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. சிவில் வேலை நிர்வாகம் சில மாதங்கள்தான் இருந்தது. செலவுக்கு அஞ்சி 1934 வசந்தத்தில் ரூஸ்வெல்ட்டே மூடிவிட்டார். அதற்குள் சுமார் 40,000 பள்ளிகள் கட்டப்பட்டோ பழுதுபார்க்கப்பட்டோ இருந்தன, 2.5 லட்சம் மைல் சாலை சீரானது. பராமரிப்பு வேலைக்கு வரைபடம் வேண்டாம், மறுநாளே தொடங்கலாம். ஒழுகும் பள்ளிக் கூரையைச் சரிசெய்வதற்கு அணை கட்டுவதன் கம்பீரம் இல்லைதான், ஆனால் அந்த ஆண்டில் செய்யக்கூடியது அதுதான்.

1935இல் ஹாப்கின்ஸின் தலைமையில் வந்த டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைத் திட்ட நிர்வாகம் அதே யோசனையின் பெரிய வடிவம். எட்டு ஆண்டுகளில் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். லாகார்டியா விமான நிலையம் அதன் பணி. கென்டக்கி மலைக் கிராமங்களுக்குக் குதிரைமேல் புத்தகம் கொண்டுபோன பெண்களும் அதன் ஊழியர்கள்தான். அடிமையாக வாழ்ந்து மீண்ட 2,300க்கும் மேற்பட்ட முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தவர்கள் அதன் எழுத்தாளர்கள்.

குறைகளையும் மாணவர்களிடம் மறைப்பதில்லை. குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் வேலை என்ற விதியால் பெண்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். கூலி இடத்துக்கு இடம் மாறியது, கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த தென் மாநிலங்களில்தான் அது மிகக் குறைவு. 1938 தேர்தலில் இந்த வேலைகளை ஓட்டுக்குப் பயன்படுத்தினார்கள் என்ற புகார் வலுத்து, மறு ஆண்டு அரசு ஊழியர்களின் அரசியலைக் கட்டுப்படுத்தும் ஹாட்ச் சட்டமே வந்தது. இந்த இடத்தில் இக்கிஸின் கண்டிப்பு மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். வேலையின்மை குறைந்த ஒரு நாட்டில், அவசரம் இல்லாத காலத்தில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் ஒருவேளை இக்கிஸைத்தான் எடுப்பேன். இரண்டையுமே ஏட்டில் படித்துத்தான் அறிந்தவள் நான், அந்த வரிசைகளில் நின்றவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

நியூ டீலின் இன்னொரு பகுதியான சீர்திருத்தங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவற்றின் கடிகாரம் வேறு. ஓய்வூதியச் சட்டம் 1935இல் கையெழுத்தானது, முதல் மாத ஓய்வூதியம் 1940இல்தான் போனது. அது காத்திருக்கக்கூடிய விஷயம். 1933 டிசம்பரில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய திறந்த மடலில் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸும் மீட்சியை முதலில் பாருங்கள், சீர்திருத்தம் அதன் வேகத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் வற்புறுத்தினார்.

நாள் கணக்கின் அருமையை 1937 இன்னொரு முறை காட்டியது. மந்தம் விலகிவிட்டது என்று நம்பி ரூஸ்வெல்ட் செலவை வெட்டினார். டபிள்யூ.பி.ஏ. பட்டியல் அந்த இலையுதிர் காலத்தில் 15 லட்சம் பேர் அளவுக்குச் சுருங்கியது. சில மாதங்களில் வேலையின்மை 14 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. 1938 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் மறுபடி பணம் கேட்டார். இரண்டு நிர்வாகங்களுக்கும் பங்கு கிடைத்தது. இக்கிஸின் ஆட்கள் மறுபடி விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்கள். அந்த நவம்பரில் ஹாப்கின்ஸின் சம்பளப் பட்டியலில் 33 லட்சம் பேர் இருந்தார்கள்.