அகராதிக்கு ஒரு கீவேர்டு: பயர்பாக்ஸா, குரோமா, டக்டக்கோவா?

மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது தடவையாவது அகராதியைத் தொட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புது டேப் திறந்து, தளத்துக்குப் போய், பெட்டியைக் கிளிக் செய்து, சொல்லைத் தட்டினால் பாதி நாள் அதிலேயே போய்விடும். முகவரிப் பட்டையில் ‘அக யாழ்’ என்று தட்டி என்டர் அடித்தால் தமிழ் விக்சனரி யாழோடு வந்து நிற்க வேண்டும். இந்த ‘அக’ மாதிரி, எந்தத் தளத்தில் தேட வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் குட்டிச் சொல்தான் கீவேர்டு. அவ்வளவுதான் என் தேவை. இதற்கு பயர்பாக்ஸ், குரோம் என்ற இரண்டு பிரவுசர்கள், டக்டக்கோ என்ற தேடுபொறி என மூன்று வழிகளையும் பழகிப் பார்த்துவிட்டு இப்போது பயர்பாக்ஸில் நிலைத்துவிட்டேன். அதனால் இங்கே நடுநிலை கிடைக்காது.

டக்டக்கோவின் ‘பேங்’, அதாவது ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறுக்குக் குறி, மூன்றிலும் சுலபம். டக்டக்கோவைத் தேடுபொறியாக வைத்துவிட்டால் போதும், வேறு எதையும் அமைக்க வேண்டாம். ஆச்சரியக்குறியும் டபிள்யூவும் போட்டால் விக்கிப்பீடியா, ஒய் டி போட்டால் யூடியூப். இப்படி ஆயிரக்கணக்கில் தயாராக இருக்கின்றன. குறியை வாக்கியத்தின் முதலில்தான் போட வேண்டும் என்பதில்லை, கடைசியிலும் போடலாம். ஆனால் பட்டியல் அவர்களுடையது. எனக்கு வேண்டிய அகராதி அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாம் தட்டும் சொல்லும் முதலில் அவர்கள் சர்வருக்குப் போய்விட்டுத்தான் தளத்துக்குத் திரும்பும்.

குரோமில் செட்டிங்ஸில் தேடுபொறிகள் பகுதிக்குப் போனால் நமக்கு வேண்டிய தளத்தை நாமே சேர்க்கலாம். பெயர், ஷார்ட்கட் (கீவேர்டுக்கு குரோம் வைத்த பெயர்), முகவரி என்று மூன்று கட்டங்கள். முகவரியில் தேடும் சொல் வரும் இடத்தில் சதவீதக் குறியும் சின்ன எஸ்ஸும் போட வேண்டும். பயர்பாக்ஸிலும் இதே குறிதான். தமிழ் எழுத்திலேயே ஷார்ட்கட் கொடுக்கலாம் என்பதிலும் இரண்டும் சமம். தமிழ்99 விசைப்பலகையில் அடித்துக்கொண்டிருக்கும்போது கீவேர்டுக்காக ஆங்கிலத்துக்கு மாறித் திரும்புவதைவிட எரிச்சல் வேறில்லை.

ஒரு விஷயத்தில் குரோம் மேல். ஷார்ட்கட் டேப் விசை அடித்தால் மட்டும் வேலை செய்தால் போதும் என்று அதில் சொல்லிவிடலாம். பயர்பாக்ஸில் ஸ்பேஸ் அடித்தாலே கீவேர்டு பிடித்துக்கொள்ளும். முதலில் நான் வெறும் ‘அ’ என்று வைத்திருந்தேன். இனிஷியலோடு ஒருவர் பெயரைப் புள்ளி வைக்காமல் தேடினால் அகராதி திறந்துகொண்டு, அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை என்றது. பிறகுதான் ‘அக’ ஆக்கினேன்.

இதெல்லாம் சில்லறை. எனக்கு முடிவைத் தீர்த்தது வேறு: கணினி மாறும்போது இவற்றைக் கையோடு எடுத்துப்போக முடியுமா?

போன வருடம் பழைய லேப்டாப்பின் டிஸ்க் படுத்துவிட்டது. அப்போதுதான் இதை யோசித்தேன். குரோமில் இந்த ஷார்ட்கட்கள் புக்மார்க்குகளோடு சேர்ந்தவை அல்ல. புக்மார்க்குகளை எக்ஸ்போர்ட் செய்து எச்டிஎம்எல் கோப்பாக வைத்திருந்தாலும் அதில் ஷார்ட்கட் ஒன்றுகூட இருக்காது. கூகுள் கணக்கில் நுழைந்து சிங்க் போட்டிருந்தால் வந்துவிடும். நான் கணக்கில் நுழையாமல் பிரவுசர் பயன்படுத்துகிற ஆள்.

பயர்பாக்ஸில் கீவேர்டு என்பது புக்மார்க்கின் ஒரு பகுதி. கண்ட்ரோல், ஷிப்ட், ஓ அடித்து நூலகத்தைத் திறந்து ஒரு புக்மார்க்கைத் தொட்டால், பெயர், முகவரி, குறிச்சொல்லுக்குக் கீழே கீவேர்டுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பினால் வேலை முடிந்தது. எக்ஸ்போர்ட் செய்த எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு புக்மார்க்கின் பக்கத்திலும் அதன் கீவேர்டும் எழுதியிருக்கும். பென்டிரைவில் போட்டு வேறு கணினியில் இம்போர்ட் செய்தேன், எல்லாம் அப்படியே வேலை செய்தன. கணக்கும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

பராமரிப்பும் இதனாலேயே எளிது. நான் அடிக்கடி பார்க்கும் ஓர் அகராதித் தளம் ஒருநாள் தன் தேடல் முகவரியை மாற்றிவிட்டது. புக்மார்க்கைத் திறந்து முகவரியைத் திருத்தினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. குப்பையாகக் கிடந்த புக்மார்க்குகளைக் கழித்துக்கட்டும் உற்சாகத்தில் கீவேர்டு இருந்த ஒன்றையும் அழித்துவிட்டேன். அதனால் கீவேர்டு உள்ளவற்றை இப்போது தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினியை வைத்து. மேக்கில் எனக்குப் பழக்கமில்லை. போனில் கதையே வேறு: ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸில் புக்மார்க்குக்குக் கீவேர்டு கொடுக்க இடமே இல்லை. பேங் போனிலும் ஓடும். பேருந்தில் உட்கார்ந்து சொல் தேடுகிறவர் என்றால் டக்டக்கோவையே வைத்துக்கொள்ளுங்கள்.