முதுகு ஊசியா, மூச்சு மருந்தா?

செவ்வாய்ப்பேட்டை வீட்டு வாசற்படியில் வழுக்கி அம்மாயிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவைக்கு மயக்க மருத்துவர் இரண்டு வழி சொன்னார். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழும். இன்னொரு வழி முழு மயக்கம்: செவோஃப்ளூரேன் என்கிற மயக்க மருந்து மூச்சு வழியாகப் போய் மூளையிலேயே வேலை செய்யும். நரம்பு செல்களை அடக்குகிற காபா ஏற்பிகளுக்கு வலுக் கூட்டும். நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸும் அடங்கிவிடும். அறுவை நேரம் ஞாபகத்தில் நிற்காதது அதனால்தான்.

சரி, அப்புறம் புத்தி தடுமாறுமா? ஊசிதான் மூளைக்கு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் 2021-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலுமான 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளிடம், இரு வழியிலும் மனக்குழப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி ஒத்துவராமலும் போகலாம்.

அம்மாயிக்கு ஊசிதான் போட்டார்கள். மறுநாள் காலை முதல் கேள்வி: "என்ர வெத்தலப் பொட்டி எங்க சாமி?"