எர்த் நல்ஸ்கூல்: பருவமழையைக் காற்றிலிருந்து படிக்க ஒரு தளம்

எர்த் நல்ஸ்கூல் இணையதளத்தை முதல்முறை திறக்கிறவர்கள் பலரும் பூமி உருண்டையை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். பருவக்காற்று மழையை எப்படிக் கொண்டுவருகிறது, எங்கே கொட்டுகிறது, எங்கே கொட்டாமல் தாண்டிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறவள் நான். பாடப்புத்தகத்தில் நாலைந்து அம்புக்குறிகளாக நிற்கிற பருவக்காற்று இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

கேமரன் பெக்காரியோ என்ற மென்பொருளாளர் 2013-ல் வெளியிட்ட தளம் இது. அமெரிக்க வானிலைத் துறையின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரி கணக்கிட்டுத் தரும் காற்றை எடுத்து, உருண்டையின் மேல் நகரும் கோடுகளாக வரைந்து காட்டுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். காசு கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். கீழே இடது மூலையில் இருக்கும் 'எர்த்' என்ற சொல்லைத் தொட்டால் ஒரு பட்டியல் திறக்கும். தளத்தின் உண்மையான பயன் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது.

முதல் வேலையாக உயரத்தை மாற்றுங்கள். தளம் திறக்கும்போது தரைமட்டக் காற்றைக் காட்டும். அதில் மலையும் மேடும் கடல்காற்றும் குறுக்கிட்டு, பெரிய ஓட்டம் எது, உள்ளூர்ச் சலனம் எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 850 ஹெக்டாபாஸ்கலைத் தேர்ந்தெடுங்கள். ஹெக்டாபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தின் அளவு; மேலே போகப் போக அது குறையும் என்பதால் உயரத்தையும் அதை வைத்தே குறிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழையின் முதுகெலும்பு அங்கேதான் ஓடுகிறது.

இப்போது ஒரு ஜூலை தேதிக்குப் போய் இந்தியப் பெருங்கடலைத் திரையின் நடுவில் வையுங்கள். மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே மஸ்கரீன் தீவுகளை ஒட்டி ஓர் உயர் அழுத்தப் பகுதி இருக்கும். அங்கிருந்து புறப்படும் காற்று தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஆப்பிரிக்காவை நோக்கி வருகிறது. கென்யா பக்கம் வந்ததும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் குறுக்கே நிற்க, காற்று அதைத் தாண்ட முடியாமல் வடக்கே நெருக்கப்பட்டு, நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. கடந்ததும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் வளைத்துவிடுகிறது. தென்கிழக்குக் காற்றாக வந்தது தென்மேற்குக் காற்றாக மாறி, சோமாலியாவை ஒட்டி வேகமெடுத்து, அரபிக்கடலின் மேல் இந்தியாவை நோக்கிப் பாய்கிறது. 1960-களில் பிரிட்டிஷ் வானிலையாளர் ஃபின்ட்லேட்டர் ஆராய்ந்து விவரித்த ஓட்டம் இது. சோமாலி ஜெட் என்கிறார்கள். ஜெட் என்றால் குறுகிய பட்டையாக வேகமாக ஓடும் காற்று. வேகம் கூடக் கூட நிறம் மாறுவதால் அந்தப் பட்டை தனியாகத் தெரியும். அதன் மேல் எங்கே தொட்டாலும் திசையும் வேகமும் எண்ணாக வரும்.

1686-லேயே ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி, நிலமும் கடலும் சமமாகச் சூடாகாததால்தான் பருவக்காற்று வீசுகிறது என்று எழுதினார். காற்றுகளை வரைபடமாகவும் போட்டார். 1735-ல் ஜார்ஜ் ஹாட்லி பூமியின் சுழற்சியைக் கணக்கில் கொண்டுவந்தார். இரண்டு பேர் சொன்னதும் சேர்ந்து வேலை செய்வதை இந்த ஒரே திரையில் பார்க்கலாம். ஆனால் சூட்டை மட்டும் வைத்துக் கதையை முடித்துவிடக் கூடாது. நிலம் அதிகம் தகிப்பது மே மாதத்தில், மழை வலுப்பது ஜூலையில். நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று கூடி மேலெழும் பெரிய பட்டையே சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கே நகர்வதும், நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றை மேலும் இழுப்பதும் சேர்ந்தால்தான் பருவமழை.

இந்த ஓட்டத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு காற்று அடிக்கிற சோமாலியாவில் ஏன் மழை இல்லை?" அந்தக் கேள்விக்காகவே இந்தத் தளத்தை நான் பரிந்துரைப்பேன். ஏனென்றால் பதிலையும் அங்கேயே காட்டலாம். பட்டியலில் கடல் பகுதிக்குப் போய், கடல் மேற்பரப்பு வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்தால் சோமாலியக் கரையோரம் சுற்றியுள்ள கடலைவிடக் குளிர்ந்து கிடப்பது தெரியும். கரைக்கு இணையாக அடிக்கும் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. குளிர்ந்த நீருக்கு மேலே இருக்கும் காற்று கனத்துப்போய் மேலெழும்ப மறுக்கிறது. போதாததற்கு அங்கே காற்று வேகமெடுத்து விலகி ஓடுகிறதே தவிர, கூடி நெருக்குவதில்லை. மேலே ஏறாத காற்று எவ்வளவு வேகமாக ஓடினாலும் மழை தராது.

அதே காற்று அரபிக்கடலில் நீராவியைச் சேர்த்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதும்போது நிலைமை தலைகீழ். ஏற வேண்டிய கட்டாயம். ஏறும்போது குளிர்கிறது, மேகமாகிறது, கொட்டுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. மழை மறைவுப் பகுதி என்று நாம் மனப்பாடம் செய்ததெல்லாம் இதுதான். காற்றுக் கோடுகளின் மேல் நீராவி அளவையும் சேர்த்துப் பாருங்கள், ஈரம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெளிவாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது, பழைய தேதிகளுக்குப் போக முடிவது. முகவரியில் இருக்கும் தேதியை மாற்றினாலே போதும். 2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்தை மூழ்கடித்த மழையை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை அங்கே பெய்தது வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிகம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களைத் திறந்து கேரளத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கொஞ்சம் வடகிழக்கே நகர்த்துங்கள். ஒடிசா பக்கம் ஒரு காற்றழுத்த தாழ்வு மண்டலம் சுழன்றுகொண்டிருக்கும். அது தன் பக்கம் இழுக்க இழுக்க, அரபிக்கடலின் மேலைக்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) வலுத்துப் போய் மலையில் அறைகிறது. வங்கக்கடலில் தாழ்வு உருவானால் மேற்குக் கரையில் மழை வலுக்கும் என்று வானிலைச் செய்தியில் கேட்கிறோமே, அதன் காரணம் கண் முன்னே நிற்கும்.

அப்புறம் உயரத்தை 250 ஹெக்டாபாஸ்கலுக்கு ஏற்றுங்கள். பத்து கிலோமீட்டருக்கு மேல். ஜூலையில் கீழே மேற்கிலிருந்து கிழக்காக ஓடிய காற்று, அங்கே தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். திபெத் பீடபூமியின் மேலே உருவாகும் உயர் அழுத்தத்திலிருந்து வெளியேறும் காற்று அது. கிழக்கிலிருந்து ஓடும் இந்த ஜெட்டை 1950-களில் விவரித்தவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். கீழே கூடி, நடுவில் ஏறி, மேலே விரிந்து தெற்கே திரும்பும் முழுச் சுழற்சியை இரண்டு உயரங்களை மாற்றி மாற்றிப் பார்த்தே மாணவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் காட்சி மாறும். மேலைக்காற்று தளர்ந்து, வங்கக்கடலில் வடகிழக்குக் காற்று தலையெடுக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைப்பது இதனால்தான். இங்கே நான் சொல்லும் வழி ஒன்றுதான்: கரையைத் தொடும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, அது வந்த வழியே பின்னோக்கிப் போங்கள். நீண்ட தூரம் கடல்மேல் வந்திருந்தால் ஈரக்காற்று. கங்கைச் சமவெளியில் குளிர்காலத்தில் வீசுவது தரைவழியே வந்தது, அதனால் வறண்ட காற்று. ஈரம் இருந்தாலும் போதாது, அதைக் கூட்டி மேலே ஏற்ற ஒரு தாழ்வுப் பகுதியோ, கிழக்கிலிருந்து வரும் காற்றலையோ வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் நாலு நாள் மழையும் பத்து நாள் வெயிலுமாக இருப்பது அதனால்தான்.

சரி, குறைகள். வரைபடத்தில் ஊர்ப்பெயரோ நாட்டு எல்லையோ கிடையாது. கரைக்கோடு மட்டும்தான். வரைபடம் பழகாதவர்கள் பக்கத்தில் ஓர் அட்லஸ் வைத்துக்கொள்வது நல்லது. பட்டியலில் உள்ள அளவுகள் எல்லாம் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாக இருப்பதால், வகுப்புக்கு முன்பே எது எது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று: இதில் தெரியும் மழை, கணினி மாதிரி கணக்கிட்ட மழை. ரேடார் பார்த்த மழை அல்ல. பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்போது மலையின் கூர்மை மழுங்கிவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் இருக்கும் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் பஞ்ச்கனியில் அதில் பாதிகூட இல்லை. அந்த வேறுபாட்டை இங்கே தேடக் கூடாது. மாலையில் வெப்பச்சலனத்தால் ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடும் மழையையும் இது காட்டாது. குடை எடுக்கலாமா என்று பார்க்க இதைத் திறக்காதீர்கள். அதற்கு வானிலைத் துறையின் ரேடார் படம் இருக்கிறது.

இந்தியாவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்வேன். ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவைத் திறந்தால், கினி வளைகுடாவிலிருந்து ஏறும் ஈரமான தென்மேற்குக் காற்றும் சகாராவின் வறண்ட காற்றும் சந்திக்கும் கோடு, சகாராவின் தெற்கு விளிம்பான சகேல் பகுதிக்கும் வடக்கே போயிருக்கும். அந்தச் சில மாதங்கள்தான் அங்கே விவசாயத்துக்கு மழை. ஜனவரியில் ஆசியாவிலிருந்து தெற்கே இறங்கும் வடகிழக்குக் காற்றைத் தொடருங்கள். நிலநடுக்கோட்டைக் கடந்ததும் இம்முறை இடப்பக்கம் வளைந்து, வடமேற்குக் காற்றாக ஜாவாவையும் வட ஆஸ்திரேலியாவையும் நனைக்கும். டார்வின் நகரத்தின் மழைக்காலம் அது. அதே இடத்தை ஜூலையில் திறந்தால் கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்றுதான், மழை அநேகமாக இருக்காது. வகுப்பில் காட்டுவதாக இருந்தால் இந்த இரண்டு மாதங்களையும் இரண்டு தாவல்களில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைவிடக் கணினியில், முடிந்தால் புரொஜெக்டரில்.