ஒரு பட்டமா, இரண்டு பட்டமா: சுங்கை சிப்புட்டில் போட்ட ஒரு கணக்கு

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வந்த வாரத்தில் அண்ணன் வீட்டு மேசையில் இரண்டு விளக்கத் தாள்கள் கிடந்தன: ஒன்று கணக்கியல் மட்டும், மற்றது வணிகவியலும் சட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன், தன் சம்பளச் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் படிச்சா ரெண்டு மடங்கு மதிப்புதானே, சித்தப்பா?" என்றாள் மகள்.

முதலில் பெயரில் உள்ள சிக்கலை அவிழ்க்க வேண்டும். சன்வே பல்கலைக்கழகம் பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வழங்கி வந்திருப்பதைப் போல, ஒரே படிப்புக்கு இரு பல்கலைக்கழகங்களின் சான்றிதழ் கிடைப்பதும் உண்டு. அதில் துறை ஒன்றுதான்; சுவரில் மாட்டக் கண்ணாடிச் சட்டம் இரண்டு வேண்டும், அவ்வளவே. இரு வேறு துறைகளைப் படித்து இரு பட்டங்கள் பெறுவது தனிக் கதை.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் 40 மணி நேர உழைப்பு என்பதால், ஒற்றைப் பட்டமே 4,800 மணி நேரமாகிறது. பொதுப் பாடங்கள் இரண்டுக்கும் கணக்கில் சேர்வதால் இரட்டைப் பட்டம் அதன் இரு மடங்காவதில்லை என்றாலும், பொதுவாக ஓராண்டோ அதற்கு மேலோ கூடுகிறது. அண்ணனின் பென்சில் நின்றது அந்த ஆண்டில்தான்: கட்டணம், அறை வாடகை, சாப்பாடு ஆகியவற்றோடு, அவள் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் செலவுதான். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு ஆண்டுக் கட்டணம் 1 விழுக்காடே என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். கடன் தொகை பெருத்தால் மாதத் தவணையும் பெருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இரட்டைப் பட்டத்தோடு தொழில் உரிமமும் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிக்குச் சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு வேண்டியதில்லை, ஆனால் வெளிநாட்டுச் சட்டப் பட்டம் என்றால் அதைச் சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்க வேண்டும், பெரும்பாலும் அந்தத் தேர்வையும் தாண்ட வேண்டும். அதன் பிறகு இருவருக்குமே 9 மாதப் பயிற்சி உண்டு. மறுபக்கம், கணக்கியல் ஒன்றையே படித்தவர் ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழில்தகுதித் தேர்வின் 13 தாள்களில் 9 வரை விலக்குப் பெறலாம். மிச்சத்தைச் சம்பாதித்துக்கொண்டே எழுதலாம். தோட்டத்துக் குடும்பத்துக்கு இந்தச் 'சம்பாதித்துக்கொண்டே' என்ற சொல்லின் எடை தெரியும்.

வரிச் சட்டத்திலோ நிறுவனச் சட்டத்திலோ வழக்காடத்தான் போகிறேன் என்று உறுதியாக இருப்பவருக்கு இரட்டைப் பட்டம் நல்ல பாதைதான். அவரும் கையெழுத்திடுமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: நடுவில் ஒரு துறையை விட்டால், மற்றதன் பட்டமாவது முழுதாகக் கிடைக்குமா? நாங்கள் பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது மறுமுனையில் இருந்தவர், விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மகள் கணக்கியலுக்கே விண்ணப்பித்தாள். மற்றத் தாளை அண்ணி தூக்கிப் போடவில்லை; மடித்துச் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார்.