பழைய செம்புப் பாய்லர்: ஒரு மார்கழி முழுவதும் மூட்டிப் பார்த்த பின்

திருக்கார்த்திகை கழிந்த மறுநாள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், கரி போட்டு வெந்நீர் வைக்கும் செம்புப் பாய்லர் ஒன்றை வாங்கினேன். மார்கழியும் தையும் முழுவதுமாக, மாசியில் பாதி வரை, நாள் தவறாமல் அதை மூட்டியிருக்கிறேன். ஆகவே அதன் நிறையையும் குறையையும் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

செட்டிநாட்டில் குளிர் எங்கே இருக்கிறது என்று கொடைக்கானல் பக்கத்தவர்கள் சிரிக்கலாம். மார்கழி விடியற்காலையிலும் இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் எங்கள் வீடுகள் சித்திரை வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை காற்று தடையில்லாமல் ஓடும். வீட்டின் உள்கட்டான வளவின் நடுவே வானம் திறந்து கிடக்கும். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய தடித்த சுவர்களும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் வெயில் காலத்தில் எவ்வளவு பெரிய வரமோ, பனிக்காலத்தில் எண்பத்து மூன்று வயதில் இடுப்பு எலும்பு முறிந்து மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்த ஒருவருக்கு அவ்வளவு பெரிய தண்டனை. அந்த ஒருவர் என் ஆத்தா.

அவர் விழுந்ததற்குக் காரணமும் வீடுதான். ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டின் மேல்தளம் ஒழுகி, ஈரமாயிருந்த தரையில் கால் வழுக்கிவிட்டது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே சிங்கப்பூரில் இருக்கும் என் மகனுக்கு வேலை போயிற்று. இதற்கிடையில் பங்காளிகளில் இரண்டு புள்ளிகள், அதாவது இரண்டு குடும்பத்தார், ஒழுகுகிற வீட்டை ஓடு மாற்றிக் காப்பாற்றுவதைவிடக் கொடுத்துவிடலாமே என்று தொலைபேசியில் பேசத் தொடங்கியிருந்தார்கள். இவற்றில் எதற்கும் என்னிடம் மருந்து இல்லை. ஆத்தா என்னிடம் கேட்டது வேறு: “மேலுக்கு நல்லா வெந்நி ஊத்தணும்டீ. வெதுவெதுன்னு ஊத்துறது குளிச்ச மாதிரியே இல்லை.”

அதுவரை வாளியில் போடும் மின்கம்பியை வைத்துத்தான் சமாளித்துக்கொண்டிருந்தோம். பின்கட்டில் ஓடும் மின்கம்பிகள் என் வயதை ஒத்தவை; 1,500 வாட் கம்பியைச் செருகினால் பத்து நிமிடத்தில் பீஸ் போய்விடும். கேஸ் அடுப்பில் அண்டாவை ஏற்றி இறக்க என் முதுகு ஒத்துழைக்கவில்லை. அந்த நிலையில்தான், சிறுவயதில் மூன்றாம் கட்டில் புகைந்துகொண்டிருந்த பாய்லர் நினைவுக்கு வந்தது. அது எப்போது யார் பங்குக்குப் போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை.

முனீஸ்வரன் கோவில் தெருவை அறியாதவர்களுக்கு ஒரு சொல். இடிக்கப்படும் செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் சட்டி, பித்தளைக் குடம் எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. விற்கலாமா என்று பேசப்படும் வீட்டிலிருந்து போகிறவருக்கு அந்தத் தெருவில் நடப்பது அவ்வளவு இதமாக இருக்காது. கடைக்காரர் காட்டிய பாய்லரின் தோளில் மூன்றெழுத்து விலாசம், அதாவது உரிய குடும்பத்தின் பெயர்ச்சுருக்கம், வெட்டியிருந்தது. எந்த ஊர் வீட்டுச் சாமான் என்று கேட்டேன். “பர்மாவில இருந்து வந்தது ஆச்சி” என்றார். இந்தத் தெருவில் எதைத் தொட்டாலும் அது பர்மாவிலிருந்துதான் வந்திருக்கும். 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்கள் கையில் உயிரைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பதினோரு கிலோ பாய்லரைச் சுமந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே கப்பலில் வந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கதைக்காக 2,000 ரூபாய் கூடுதலாகத் தர எனக்கு மனமில்லை என்று சொன்னேன். 14,000 கேட்டவர் 12,000க்கு இறங்கினார்.

பொருளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய டீக்கடைகளில் பார்த்திருப்பீர்களே, அதே கட்டுமானம்தான். உருளையான செம்புப் பாத்திரத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் செல்கிறது. அதன் அடியில் இரும்புச் சல்லடைத் தட்டும், அதற்குக் கீழே சாம்பல் விழுகிற இடமும், காற்று நுழையச் சிறு கதவும் உள்ளன. நெருப்பு நடுக்குழாயினுள், தண்ணீர் அதைச் சுற்றி வெளியே. தணல் நான்கு புறமும் நீரால் சூழப்பட்டிருப்பதால், திறந்த அடுப்பில் வீணாகும் சூட்டில் பெரும்பகுதி இங்கே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. செம்பு வெப்பத்தை விரைவாகக் கடத்துவதும் இதற்குத் துணை. மேலே நீர் ஊற்றுவதற்கு ஒரு வாய், கீழே பித்தளைக் குழாய், உச்சியில் ஒரு சிறு மூடி. அந்த மூடி இறுக்கமாகப் பொருந்தாமல் தளர்வாக இருப்பது குறையல்ல. நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் பாத்திரம் வெடிக்கக்கூடும் என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

என்னுடையது இருபது லிட்டர் பிடிக்கிறது. முதலில் நான்கைந்து சிரட்டைத் துண்டுகளை உடைத்துப் போட்டு, ஒரு துண்டுக் கற்பூரத்தால் பற்றவைத்து, அவை பிடித்த பிறகு சீமைக்கருவேலங்கரியைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்க வேண்டும். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இந்தக் கரிக்குப் பஞ்சமே இல்லை. பயிர் நிலத்துக்கு இந்த மரம் செய்த கேட்டுக்கு ஈடாக எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான் போலும். முக்கால் கிலோ கரியில் நாற்பது நிமிடத்துக்குள் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடுகிறது. பச்சைத் தண்ணீர் கலந்தால் மூன்று பேர் தாராளமாகக் குளிக்கலாம். இதைவிட முக்கியமானது, தணல் அடங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை நீர் சூடாகவே இருக்கிறது. ஆத்தா எழுந்து, மெல்ல உட்கார்ந்து, ஊன்றுகோலைப் பிடித்து, பின்கட்டு வரை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனாலும் எவரும் அவரை அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் உண்டு, முதலாவது கடைக்காரரைச் சேர்ந்தது. உள்ளே புதிதாக ஈயம் பூசியிருப்பதாகச் சொல்லித்தான் விற்றார். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கைக்கு எட்டும் வாய்ப்புறம் மட்டும் பளபளத்தது. அடியில் செம்பு அப்படியே சிவந்து தெரிந்தது. குளிப்பதற்கு மட்டும் என்றால் இது பெரிய குற்றமல்ல. ஆனால் இதே நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கலாம் என்று எண்ணுபவர்கள், பூச்சு இல்லாத செம்பில் கொதித்த நீரை எடுக்கவே கூடாது. ஈயம் பூச ஆள் தேடுவது இப்போது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கடினமாகிவிட்டது. தேவகோட்டைப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர், பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தூளைத் தூவிப் பஞ்சால் தேய்த்து, ஈயத்தை உருக்கி அரை நாளில் ஒரே சீராகப் பூசிக்கொடுத்தார்; 900 ரூபாய் ஆயிற்று. பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. அவரிடம் நான் கேட்டபோது சற்றுக் கோபித்துக்கொண்டார். ஆயினும் கேட்டதற்காக வருந்தவில்லை.

அவர் சொல்லிச் சென்ற எச்சரிக்கை ஒன்று: தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கரித்தணலோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே செல்லக்கூடியது. பத்து நிமிடம் வெறுமையாக எரிந்தால் பூச்சும் போய், பற்றவைத்த மூட்டுகளும் விட்டுப்போகும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. இந்த வரிசை மாறவே கூடாது.

இரண்டாவது குறை பித்தளைக் குழாய். அது சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த தோல் வளையத்தை எடுத்துவிட்டு இரும்புக் கடையில் பத்து ரூபாய் ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டேன். சூட்டில் ஒரு வாரத்தில் அது இறுகி வெடித்துவிட்டது. சணல் நூலில் மெழுகு தேய்த்துச் சுற்றிய பிறகே சொட்டுவது நின்றது. மூன்றாவது, துலக்கும் வேலை. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் செம்பு பொன்னாக மின்னும். நான்காம் நாள் மறுபடி கறுத்துப்போகும். நான் இரண்டு வாரத்தோடு அந்த முயற்சியைக் கைவிட்டேன். கறுத்த பாய்லரிலும் தண்ணீர் அதே நேரத்தில்தான் கொதிக்கிறது.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து எவரும் வாங்க வேண்டாம். இருபது லிட்டர் நீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற மின்சாரத்தில் ஏறக்குறைய 1.3 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கும்போது, கிலோ 40 ரூபாய் கொடுத்துக் கரி வாங்குவது கணக்கில் நிற்காது. வயரிங் நன்றாக உள்ள வீட்டில் ஒரு கீசர் இதைவிட மலிவு, சுத்தம், சுலபம். என் மகன் தொலைபேசியில் இதைத்தான் சொன்னான். அவன் சொன்னது சரி.

ஆனால் கீசரிடம் போய் அரை மணி நேரம் எவரும் உட்கார்ந்திருப்பதில்லை. இந்தப் பாய்லர் ஆளை உட்கார வைக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து பின்கட்டுக்குப் போனால், கரி பிடிக்கும் வரை விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு அருகிலேயே இருந்தாக வேண்டும். நடுவில் கரி சேர்க்க வேண்டும். சாம்பல் கதவைத் திறந்தும் மூடியும் காற்றைச் சரிசெய்ய வேண்டும். கைப்பேசியை எடுத்துப் பங்காளிகளின் குரல் செய்திகளைக் கேட்க அந்த நேரத்தில் கை ஒழியாது. இரண்டாம் வாரத்திலிருந்து ஆத்தாவும் முன்னதாகவே எழுந்து, நாற்காலியைப் பாய்லருக்கு ஐந்தடி தள்ளிப் போடச்சொல்லி, காய்ந்த கண்டாங்கிப் புடவையைத் தோளோடு போர்த்திக்கொண்டு அமர ஆரம்பித்தார். எங்கள் நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்புக்காகத் திருக்கார்த்திகை தொடங்கி நாளுக்கு ஓர் இழையாகப் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்து வைக்கும் வேலையை அவர் அங்கேயே செய்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் தானாகக் கேட்டு வாங்கிச் செய்த முதல் வேலை அது. இருபத்தொரு இழையும் சேர்ந்து, நோன்பன்று மாவில் திரியாக வைத்து ஏற்றி, சுடரோடு இழையை வாயிலிட்டு எடுத்துக்கொண்டபோது, சிங்கப்பூருக்குப் படக்காட்சியில் கூப்பிட்டு மகனுக்கும் காட்டினோம். அவன் அன்றைக்கு நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போய் வந்திருந்தான். அது கிடைக்கவில்லை என்பது மறுவாரம்தான் தெரிந்தது.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. குளியலறைக்குள் வைத்து மூட்டவே கூடாது. கரி பிடித்த பிறகு புகை தெரிவதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும், மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். வானம் பார்த்த பின்கட்டோ திறந்த தாழ்வாரமோ இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இதை அழகுக்கு வேண்டுமானால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டுப் பிறகே வெந்நீரைக் கலக்க வேண்டும். வயதானவர்களின் தோல் சூட்டை உணர்வதற்குள் கொப்புளம் கண்டுவிடும். நான் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஆத்தாவின் மேல் ஒரு செம்பு ஊற்றுவேன். முதல் செம்பு முதுகில் விழும்போது அவர் விடும் மூச்சுக்காகவே அந்த 12,000 ரூபாயும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மாசி நடுவில் பனி விட்டுப்போன பிறகு, சாம்பலைத் தட்டி, உள்ளே ஈரமில்லாமல் இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, சாமான் அறைக்குள் ஏற்றிவிட்டேன். சல்லடைத் தட்டு மட்டும் தீயில் வளைந்துபோயிருந்ததால் மாற்றுத் தட்டு கேட்டு அதே கடைக்குப் போனேன். ஈயம் பற்றிக் கேட்டதற்கு, பூசினவன் ஏமாற்றிவிட்டான் என்றார். நம்புவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பழைய சாமான் குவியலில் தேடி, அளவுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டு ஒன்றை எடுத்து 150 ரூபாய்க்குக் கொடுத்தார். காகிதத்தில் சுற்றித் தரும்போது, “வீட்டைக் கொடுக்கிறதா பேச்சு அடிபடுதே, நிலைக்கதவு ஏதும் வந்தா நமக்குச் சொல்லிவிடுங்க ஆச்சி” என்றார். அவர் பிழைப்பு அது. அடுத்த மார்கழிக்கும் தேவைப்படும் என்று சொல்லி, இன்னொரு தட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.